துணிக்கும் உடம்புக்கும் நடுவே



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். தையல்கடை வாசலை மிதிக்காதவர்கள் யாராவது இந்த அரங்கில் இருக்கிறீர்களா? இருக்கமாட்டீர்கள். தையல்காரர் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருப்பார். தோள், மார்பு, இடுப்பு, கைநீளம் என்று ஒவ்வொன்றாக அளப்பார். காதில் செருகிய பென்சிலை எடுத்து நோட்டில் குறித்துக்கொள்வார். எல்லாம் முடிந்த பிறகு, நாம் கிளம்பும் நேரத்தில், கடைசியாக ஒன்று கேட்பார்: "லூஸ் எவ்வளவு விடட்டும்?"

நாமும் யோசிக்காமல், "ஒரு இஞ்ச் விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

அந்த ஒரு இஞ்சைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். துணிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிறதே ஓர் இடைவெளி, அதைப் பற்றி. நாம் கடைசியில் கேட்கும் கேள்வியை முதல் கேள்வியாக வைத்துக்கொண்ட சிலர் ஜப்பானில் இருந்தார்கள். அவர்கள் பாரிஸுக்குப் போய், உலகத்தின் ஆடைக் கலையையே புரட்டிப்போட்டார்கள். இஸ்ஸே மியாகே, ரெய் கவாகுபோ, யோஜி யமமோட்டோ. இந்த மூன்று பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் காட்சி. என் தோளில் கிடக்கும் இந்தத் துண்டைப் பாருங்கள். இதோ, மேஜைமேல் விரித்துப் போடுகிறேன். தட்டையாக, நான்கு மூலையோடு கிடக்கிறது. இப்போது நடுவில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்குகிறேன். பார்த்தீர்களா? கத்திரி படவில்லை, ஊசி படவில்லை. ஆனால் மடிப்பு வந்துவிட்டது, சரிவு வந்துவிட்டது, உள்ளே ஒரு வெற்றிடம் வந்துவிட்டது. இதை நான் செய்தேனா, துணி செய்ததா? இந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். மீண்டும் இந்தத் துண்டுக்கு வருவேன்.

ஐரோப்பியத் தையற்கலை எங்கே தொடங்குகிறது? உடம்பில் தொடங்குகிறது. உடம்பு வளைவானது, துணி தட்டையானது. தட்டையான துணியை வளைவான உடம்பில் ஒட்ட வைப்பது எப்படி? வளைத்து வெட்டு, டார்ட் பிடி, தோளில் பஞ்சு வை, இடுப்பை இறுக்கு. பல நூற்றாண்டுகள் உழைத்து இந்தக் கலையை அவர்கள் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே உடம்பு எஜமான், துணி வேலைக்காரன்.

கிமோனோ எங்கே தொடங்குகிறது? தறியில் தொடங்குகிறது. கிமோனோவுக்கான துணிச்சுருள் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். அதை நேர்கோட்டில்தான் வெட்டுவார்கள். உடலுக்கு, கைக்கு, கழுத்துப் பட்டைக்கு என எல்லாமே செவ்வகங்கள். வளைவு வெட்டே கிடையாது, அதனால் துணி வீணாவதும் கிடையாது. அலசுவதற்காகத் தையலை முழுக்கப் பிரித்து, துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் பழைய சுருள் திரும்ப வந்துவிடும். துவைத்துக் காயவைத்து மறுபடியும் தைப்பார்கள். சட்டையைப் பிரித்தால் துணி திரும்பி வருமா? வராது. கிமோனோவில் வரும். அங்கே துணி தன் மரியாதையை இழப்பதே இல்லை. புடவையும் வேட்டியும் கட்டுகிற உங்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இடைவெளிக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல் உண்டு: 'மா'. இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள வெளியும் மா, இரண்டு ஓசைகளுக்கு நடுவே உள்ள அமைதியும் மா. அவர்களுக்கு அது காலி இடமன்று. அதுவும் கட்டடத்தின் பகுதி, அதுவும் இசையின் பகுதி. இப்போது சொல்லுங்கள், கிமோனோவுக்கும் அதற்குள் இருக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள காற்று மட்டும் காலி இடமா?

சரி, கதைக்கு வருவோம்.

1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமா. பள்ளிக்கூடத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன். அணுகுண்டு விழுந்தது. அவன் பிழைத்தான். கதிர்வீச்சுக்கு ஆளான அவனுடைய தாய் மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துபோனார். அந்தப் பையன்தான் இஸ்ஸே மியாகே. வாழ்நாளில் பெரும்பகுதி அவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 'குண்டிலிருந்து பிழைத்த வடிவமைப்பாளர்' என்ற முத்திரை தன்மேல் விழுவதை அவர் விரும்பவில்லை. 2009-இல், எழுபது வயது கடந்த பிறகு, அமெரிக்க அதிபர் ஒபாமா ஹிரோஷிமாவுக்கு வர வேண்டும் என்று கேட்டு நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். அழியக்கூடியதை விட்டு, ஆக்கக்கூடியதை நினைக்கவே தான் விரும்பியதாகவும், அதனால்தான் ஆடைத் துறைக்கு வந்ததாகவும் அதில் சொன்னார்.

1960-இல் டோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு நடந்தது. மியாகே அப்போது மாணவர். மாநாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கட்டடம் இருக்கிறது, பொருள்கள் இருக்கின்றன, இந்த மாநாட்டில் ஆடை மட்டும் ஏன் இல்லை? கேள்வியைப் பார்த்தீர்களா? ஆடை என்பது இந்த ஆண்டு வந்து அடுத்த ஆண்டு போகும் மோகமா, நாற்காலியைப் போல, பாலத்தைப் போல ஒரு வடிவமைப்பா? அந்த மாணவர் அன்று கேட்டதற்கு, பிற்காலத்தில் அவரே பதில் சொன்னார்.

பாரிஸுக்குப் போனார். பெரிய ஆடை நிறுவனங்களில் உதவியாளராக இருந்து நுணுக்கமெல்லாம் கற்றார். 1968 மே மாதம் வந்தது. மாணவர்களும் தொழிலாளர்களும் பாரிஸ் தெருவில் இறங்கினார்கள். மாடியில் பணக்காரச் சீமாட்டிகளுக்கு ஆடை, தெருவில் ஜனங்கள். தான் யாருக்குத் தைக்க வேண்டும் என்ற கேள்வி அவரை உலுக்கியது. நியூயார்க் வழியாகத் தாய்நாடு திரும்பி, 1970-இல் டோக்கியோவில் தன் பட்டறையைத் தொடங்கினார். அவருடைய கொள்கை மூன்றே சொல்: 'ஒரு துண்டுத் துணி'. ஒற்றைத் துணியும் ஓர் உடம்பும் நடுவே உள்ள வெளியும். வாழ்நாள் முழுவதும் அவர் ஆராய்ந்தது இவ்வளவுதான்.

அவருடைய மடிப்பு ஆடையின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் புரட்சி அந்தச் செய்முறையில்தான் இருக்கிறது.

மடிப்பு புதிதா? இல்லை. புடவைக் கொசுவம் தெரியாதவர்களா நாம்? பள்ளிப் பாவாடையின் மடிப்பு தெரியாதவர்களா? ஆனால் மடிப்பு வைத்த ஆடையை உலகமெல்லாம் எப்படிச் செய்தார்கள்? முதலில் துணியை மடிப்பார்கள், பிறகு வெட்டித் தைப்பார்கள். மியாகே இதைத் தலைகீழாகத் திருப்பினார். முதலில் வெட்டு, தைத்து முடி, பிறகு மடி! ஆடையை அணியும் அளவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தைப்பார்கள். பார்த்தால் பூதத்துக்குத் தைத்த சட்டைபோல இருக்கும். அதை இரண்டு காகிதங்களுக்கு நடுவே வைத்து மடிப்பு இயந்திரத்துக்குள் கொடுப்பார்கள். உள்ளே சூடு, அழுத்தம். துணி பாலியஸ்டர். பாலியஸ்டருக்கு ஒரு குணம் உண்டு: சூட்டில் எந்த வடிவம் கொடுத்தாலும் அதை மறக்காது. பூதத்தின் சட்டை உள்ளே போகிறது, மனிதர் சட்டை வெளியே வருகிறது. காகிதத்தைப் பிரித்தால் நுண்ணிய மடிப்புகள் வரிவரியாக நிற்கின்றன. துவைத்தாலும் போகாது, சுருட்டிப் பெட்டியில் திணித்தாலும் போகாது. இஸ்திரி வேண்டவே வேண்டாம்.

இதை அவர் யார்மேல் சோதித்தார் தெரியுமா? நடனக்காரர்கள்மேல். 1991-இல் ஃபிராங்க்ஃபர்ட் பாலே குழுவுக்காக, வில்லியம் ஃபோர்சைத் அமைத்த நடனத்துக்கு இந்த மடிப்பு உடைகளைக் கொடுத்தார். ஆடுகிறவர் கை தூக்கினால் துணி விரிந்தது, இறக்கினால் சுருங்கியது. உடம்போடு சேர்ந்து துணியும் ஆடியது. இரண்டு ஆண்டு கழித்து, 1993-இல், 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. ஒல்லியானவரும் போடலாம், பருமனானவரும் போடலாம். இருபது வயதிலும் போடலாம், எழுபது வயதிலும் போடலாம். "லூஸ் எவ்வளவு விடட்டும்?" என்று கேட்கவே தேவையில்லை. இடைவெளியை மடிப்புக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டாரே!

இதோடு நின்றாரா? நிற்கவில்லை. டாய் ஃபுஜிவாரா என்ற இளம் பொறியியல் மூளையோடு சேர்ந்து, 1990-களின் கடைசியில் 'ஏ-பாக்' என்ற முறையைக் கொண்டுவந்தார். கணினி சொல்கிறபடி பின்னல் இயந்திரம் குழாய்போல் நீளமாகத் துணியைப் பின்னிக்கொண்டே போகும். அந்தத் துணிக்குள்ளேயே சட்டை, பாவாடை, தொப்பி, பை எல்லாம் கோடாக ஒளிந்திருக்கும். வாங்குகிறவர் கத்திரியை எடுத்துக் கோட்டின் வழியே வெட்டினால் போதும். பிசிறு வராது, ஓரம் அடிக்க வேண்டாம், ஒரு தையல்கூடப் போட வேண்டாம். கை நீளமாக வேண்டுமா, குட்டையாக வேண்டுமா? உங்கள் கையில் கத்திரி, உங்கள் விருப்பம். ஆடையை முடித்துக் கொடுப்பவர் வடிவமைப்பாளர் என்றுதானே நினைத்திருந்தோம்? கடைசி வெட்டை உடுத்துகிறவர் கையிலேயே கொடுத்துவிட்டார் அவர்.

2010-இல் இன்னொன்று. ஜூன் மிதானி என்ற கணினி அறிவியலாளர், காகிதத்தை மடித்து முப்பரிமாண வடிவம் செய்யும் மென்பொருள் எழுதியிருந்தார். அதைத் துணிக்குக் கொண்டுவந்தார்கள். மேஜையில் நட்சத்திரம்போலத் தட்டையாக மடிந்து கிடக்கும். நடுவில் பிடித்துத் தூக்கினால் பாவாடையாக எழுந்து நிற்கும். என் துண்டு நினைவுக்கு வருகிறதா? நான் இங்கே தற்செயலாகச் செய்ததை அவர்கள் கணக்குப் போட்டுச் செய்தார்கள். மறுசுழற்சி செய்த பாலியஸ்டர் நாரை அதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுக்கும் அவருக்கும் ஒரு நூல் உண்டு. அவருடைய பட்டறையில் நீண்ட காலம் துணிகளை உருவாக்கிய மக்கிக்கோ மினகவா, 2000-இல் தொடங்கிய வரிசைக்கு 'ஹாட்' என்று பெயர் வைத்தார். வட இந்தியக் கிராமச் சந்தையின் பெயர் அது. அகமதாபாத் கைவினைஞர்களின் கைத்தையல் அந்த ஆடைகளில் இருக்கிறது.

இனி 1981-க்கு வருவோம். மியாகே வாசலைத் திறந்தார் என்றால், கதவையே கழற்றி வைத்தவர்கள் அடுத்த இருவர்.

யோஜி யமமோட்டோவின் தந்தை போருக்குப் போனார், திரும்பி வரவில்லை. தாய் ஃபூமி டோக்கியோவில் தையல்கடை வைத்துப் பிள்ளையை வளர்த்தார். அந்தப் பிள்ளை கெய்யோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். படித்து முடித்துவிட்டு என்ன செய்தார்? வக்கீலாகவில்லை. அம்மா கடையில் உதவிக்கு உட்கார்ந்தார். வாடிக்கையாளர் பெண்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: இறுக்கமாகத் தை, எடுப்பாகத் தை. பார்க்கிற கண்களுக்காகத் தைக்கப்பட்ட ஆடை! உடுத்துகிறவளுக்காக ஓர் ஆடை வேண்டாமா? அவர் ஆண்களின் பெரிய மேல்கோட்டைப் பெண்களுக்குக் கொடுத்தார். காற்றையும் குளிரையும் பார்வையையும் தடுத்து நிற்கிற கோட்டு. நிறம் கறுப்பு. வெட்டுகிற ஆட்களிடம் அவர் சொல்வது என்ன தெரியுமா? துணியைக் கேளுங்கள். அவசரப்படாமல் காத்திருங்கள். அது ஏதாவது கற்றுக்கொடுக்கும்.

ரெய் கவாகுபோவோ தையற்பள்ளிப் பக்கமே போகாதவர். கெய்யோவில் கலையும் இலக்கியமும் படித்தார். துணி நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தார். 1969-இல் 'கொம் தே கார்சோன்' என்ற பெயரில் ஆடை செய்யத் தொடங்கினார். பிரெஞ்சில் அதற்கு 'பையன்களைப் போல' என்று பொருள். தைக்கத் தெரியாதது அவருக்குக் குறையா? இல்லை, வரம். இப்படித்தான் தைக்க வேண்டும் என்று கை பழகாததால், எப்படியும் தைக்கலாம் என்று மனம் துணிந்தது.

1981-இல் இருவரும் பாரிஸில் அரங்கேறினார்கள். அடுத்த ஆண்டு கவாகுபோ ஒரு கறுப்புக் கம்பளிப் பின்னல் சட்டையைக் காட்டினார். சட்டை முழுக்க ஓட்டை! பூச்சி அரித்ததுபோல அங்கங்கே வாய் பிளந்த ஓட்டைகள். அவர் அதற்கு வைத்த பெயர் 'லேஸ்'. எப்படிச் செய்தார்? பின்னல் இயந்திரத்தின் திருகாணிகளை வேண்டுமென்றே தளர்த்திவிட்டார். இயந்திரம் தடுமாறியது, பின்னல் தப்பியது, ஓட்டை விழுந்தது. ஒரே சீராகப் பின்னுவதற்காகப் பிறந்த இயந்திரத்தைத் தப்புச் செய்ய வைத்தார். ஏன்? கை தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில்தான் உயிர் இருக்கிறது. இயந்திரத்துக்கும் அந்த உயிரைக் கொடுக்க நினைத்தார்.

பாரிஸ் என்ன சொன்னது? கந்தல் என்றது. பிச்சைக்காரக் கோலம் என்றது. சில பத்திரிகைகள் 'ஹிரோஷிமா நாகரிகம்' என்று எழுதின. அன்பர்களே, எவ்வளவு குரூரமான சொல்! ஜப்பானியர் கையில் ஓட்டையான துணியைப் பார்த்தவுடன் குண்டு ஞாபகம் வருகிறதாம். ஹிரோஷிமாவில் பிழைத்த மனிதர் பின்னாளில் செய்ததோ வண்ண வண்ண மடிப்பு. அன்று அவரும் அதே பாரிஸில்தான் ஆடை காட்டிக்கொண்டிருந்தார். ஓட்டையைக் கண்டவர்கள் அழிவைக் கண்டார்கள். கவாகுபோ கண்டது காற்றோட்டம். துணிக்கும் உடம்புக்கும் நடுவே மட்டுமல்ல, துணிக்குள்ளேயே இடைவெளி!

ஏளனம் எத்தனை நாள் நின்றது? சில ஆண்டுகளுக்குள் கறுப்புத் துணியும் பிசிறு விட்ட ஓரமும் தொளதொள கோட்டும் உலகத் தெருக்களில் நடந்தன. டோக்கியோவில் தலைமுதல் கால்வரை கறுப்பு உடுத்திய இளம்பெண்களைக் 'காக்கைக் கூட்டம்' என்றே அழைத்தார்கள்.

கவாகுபோ பட்டறையில் வேலை எப்படி நடக்கும்? படம் வரைந்து கொடுக்கமாட்டார். ஒருமுறை ஒரு காகிதத்தைக் கசக்கி உருட்டி வெட்டும் ஆட்களிடம் கொடுத்து, இந்தக் குணம் வருகிறமாதிரி ஆடை வேண்டும் என்றாராம். எங்கே தோள், எங்கே இடுப்பு? அவர்களே தேட வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் ஆடை வடிவமைப்பு மாணவர்களே, உங்கள் ஆசிரியர் நாளைக்கு இப்படி ஒரு காகித உருண்டையைக் கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? திகைப்பீர்கள். அந்தத் திகைப்பில்தான் புது வெட்டு பிறக்கும்.

1997-ஆம் ஆண்டின் கோடைக்காலத்துக்காக அவர் செய்த ஆடைகளைப் பார்த்தபோது பார்வையாளர்கள் வாயடைத்துப்போனார்கள். இழுபடும் கட்டம்போட்ட துணி. அதற்குள் வாத்திறகு திணித்த பொதிகள். முதுகில் ஒரு மேடு, இடுப்பில் ஒரு வீக்கம், ஒரு தோள் மட்டும் குன்றுபோல. அதற்கு அவர் கொடுத்த தலைப்பு, உடல் ஆடையைச் சந்திக்கிறது, ஆடை உடலைச் சந்திக்கிறது என்பது. பெண்ணின் உடம்பு இப்படித்தான் வளைய வேண்டும் என்று விதி எழுதியது யார்? எங்கே மேடு இருக்க வேண்டும், எங்கே பள்ளம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது யார்? ஒரு சொல் பேசாமல், வாத்திறகால் கேட்டார். அதே ஆண்டு நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம் அந்தப் பொதிகளைத் தன் குழுவுக்கு அணிவித்து மேடையேற்றினார். பழகிய உடம்பு மாறிப்போனது. எடை எங்கே விழும், கை எதில் இடிக்கும் என்று ஆடுகிறவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. 2017-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்காகத் தனிக் கண்காட்சி நடத்தியது. உயிரோடிருக்கும் ஆடைக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அப்படி நடந்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான். அந்தக் கண்காட்சியின் பெயரிலேயே இருந்தது நம் தலைப்பு: 'இடைப்பட்டதன் கலை'.

கவாகுபோவின் பட்டறையில் வெட்டுக் கலை பயின்ற ஜுன்யா வதனாபேவையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில், விழாப் பந்தலில், தட்டையாக வாங்கி வந்து விரித்தால் தேன்கூடுபோல உருண்டையாகும் காகிதத் தொங்கல் கட்டுவார்களே, பார்த்திருப்பீர்கள். 2000-ஆவது ஆண்டில் மெல்லிய பாலியஸ்டர் துணியில் அதையே கழுத்தணியாகவும் மேலாடையாகவும் செய்தார் அவர். போட்டால் மேகம், கழற்றி மடித்தால் தட்டை.

இவர்களுக்குத் துணி எங்கிருந்து வந்தது? கிரியூ என்ற பழைய நெசவு ஊரில் ஜுனிச்சி அராய் இருந்தார். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. உலோக இழையை நெய்து பிறகு கரைத்தெடுப்பார், கணினியைத் தறியோடு பேச வைப்பார், சுருங்கும் நூலையும் சுருங்காத நூலையும் சேர்த்து நெய்து துணியைத் தானாகவே புடைக்க வைப்பார். மியாகேவுக்கும் கவாகுபோவுக்கும் துணி கொடுத்தவர் அவர். அவரும் ரெய்கோ சூடோவும் 1984-இல் தொடங்கிய 'நூனோ' இன்றும் டோக்கியோவில் இருக்கிறது. நூனோ என்றால் துணி. அவ்வளவுதான் பொருள். மேடையில் கைதட்டல் வடிவமைப்பாளருக்கு, ஆனால் பாதிக் கைதட்டல் கிரியூவுக்குப் போக வேண்டும்.

இப்போது உங்கள் மனத்தில் உள்ளதை நானே கேட்டுவிடுகிறேன். "ஐயா, இதையெல்லாம் உடுத்த முடியுமா? வாங்க முடியுமா?" நியாயமான கேள்வி. விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது. தெருவில் நிற்கும் ஜனங்களுக்குத் தைக்க வந்தவரின் ஆடை, அந்த ஜனங்களில் பலரால் வாங்க முடியாத விலைக்குப் போனது. அது உண்மை. பாலியஸ்டர் மண்ணில் மக்காது, அதுவும் உண்மை. முதுகில் மேடு வைத்த ஆடையோடு பஸ்ஸில் ஏற முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். சோதனைச் சாலையில் நடப்பதெல்லாம் அப்படியே வீட்டுக்கு வருவதில்லை. அங்கே கேட்ட கேள்விதான் வீட்டுக்கு வருகிறது. வெட்டுமேஜையில் விழும் துணி வீணாகலாமா? ஒரே ஆடை பல உடம்புக்குப் பொருந்துமா? தையலே இல்லாமல் சட்டை செய்யலாமா? பெண் இறுக்கமாகத்தான் உடுத்த வேண்டுமா? நேற்று பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்த இந்தக் கேள்விகளை இன்று ஆடைத் தொழிற்சாலைகளே கேட்கின்றன.

மியாகே 2022 ஆகஸ்ட் 5-ஆம் நாள் காலமானார். மறுநாள் ஹிரோஷிமா நினைவு நாள். ஒரு நொடியில் ஊரும் உடம்பும் ஒன்றாக எரிந்ததைப் பார்த்த பையன், வளர்ந்து, ஐம்பது ஆண்டுக்கும் மேலாக ஒரே வேலையைச் செய்தார். உடம்பைச் சுற்றி, அது கை வீசவும் ஆடவும் மூச்சு விடவும் கொஞ்சம் இடம் உண்டாக்கினார். அதை அவர் நினைவுச்சின்னம் என்று ஒருபோதும் சொன்னதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

என் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தையல்கடைக்குப் போகும்போது, "லூஸ் எவ்வளவு விடட்டும்?" என்று அவர் கேட்பார். உடனே "ஒரு இஞ்ச்" என்று சொல்லிவிடாதீர்கள். "அண்ணே, இந்தத் துணி என்ன கேக்குது?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார். பிறகு, தன்னையறியாமல், துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார், உள்ளங்கையில் கசக்கி விடுவார், தூக்கித் தொங்கவிட்டுப் பார்ப்பார். அதற்கப்புறம் அவர் சொல்கிற அளவுக்குத் தைக்கச் சொல்லுங்கள்.